கை நிறம் மாறாத அதிகாரி: ஒரு பட்டா மாறுதல் லஞ்ச வழக்கின் முழுப் பதிவு

தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் நடந்த வழக்கு இது. 2019 ஜூலையில் லஞ்ச ஒழிப்புத் துறை ஒரு கிராம நிர்வாக அலுவலரை (வி.ஏ.ஓ.) பிடித்தது. 2023 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. புகார்தாரருக்குச் சட்ட உதவி செய்த வழக்கறிஞர் நான். ஆட்கள், ஊர், தாலுகா எதன் பெயரையும் சொல்லப் போவதில்லை, ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன்.

லஞ்சம் கேட்டால் எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று இன்று நிறைய பேருக்குத் தெரியும், ஆனால் போய்ச் சொன்ன பிறகு என்னென்ன நடக்கும், எந்த இடத்தில் வழக்கு உடையும் என்பது தெரியாது. பேப்பரில் "கையும் களவுமாகச் சிக்கினார்" என்று படத்தோடு செய்தி வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பணம் கைமாறியதை நிரூபிப்பது சுலபம். அதிகாரி அதைக் கேட்டார் என்று நிரூபிப்பதில்தான் இந்த வழக்குகள் நிற்கின்றன, விழுகின்றன.

பின்னணி

புகார்தாரர் முப்பதுகளில் இருப்பவர், பக்கத்து டவுனில் வெல்டிங் பட்டறை வேலை. அப்பா இறந்த பிறகு 1 ஏக்கர் 20 சென்ட் நிலம் அவருக்கும் இரண்டு அக்காக்களுக்கும் வந்தது. அக்காக்கள் தங்கள் பாகத்தை விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்து கொடுத்துவிட்டார்கள். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் கையில் இருந்தன. உட்பிரிவு எதுவும் இல்லை, முழுப் புல எண்ணும் ஒரே பெயருக்கு மாற வேண்டியதுதான். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கவும், அந்த வருடம்தான் ஆரம்பித்திருந்த பி.எம். கிசான் உதவிக்கும் பட்டா தன் பெயரில் வேண்டும் என்று 2019 மார்ச்சில் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தார்.

ஏப்ரலில் மக்களவைத் தேர்தல். எலெக்‌ஷன் வேலை இருக்கு, அப்புறம் பார்க்கலாம் என்று வி.ஏ.ஓ. சொன்னதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. தேர்தல் முடிந்து மே போய், ஜூனும் வந்தது. அவருக்குப் பின்னால் விண்ணப்பித்த பக்கத்து நிலத்துக்காரருக்குப் பட்டா வந்துவிட்டது. நேரில் போய்க் கேட்டபோது வி.ஏ.ஓ. எட்டாயிரம் கேட்டார். தாசில்தார் ஆபீஸ் வரைக்கும் கொடுக்க வேண்டியிருக்கு என்பது அவர் சொன்ன காரணம். அப்புறம் போனில் பேசி ஐயாயிரத்துக்கு இறங்கினார்.

புகாருக்கு முன்னால்

என்னிடம் வந்தபோது அவருக்கு இருந்த பயம் நான் எதிர்பார்த்தது இல்லை. வி.ஏ.ஓ.வைப் பற்றிய பயம் அப்புறம், முதலில் கேட்டது "லஞ்சம் கொடுத்தா என்னையும் உள்ள போடுவாங்களாமே சார்?" என்பதுதான். யாரோ அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். 1988-ம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் 2018 ஜூலையில் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம், 7 வருடம் வரை தண்டனை உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதே 8-ம் பிரிவில் இரண்டு விலக்குகள் இருக்கின்றன. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் அது குற்றமாகாது. கொடுப்பதற்கு முன்பே தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் விசாரணைக்கு உதவியாகக் கொடுத்தாலும் குற்றமாகாது. இதை வாசித்துக் காட்டிய பிறகுதான் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தா மாநிலத்தில் அந்த வருடம்தான் அமைந்திருந்தது. இன்னும் சில நாளில் பணம் கொண்டு வா என்று சொல்லியிருக்கும் நிலையில், பொறி வைத்துப் பிடிக்கக்கூடிய அமைப்பு லஞ்ச ஒழிப்புத் துறைதான். 1964-ல் ஆரம்பித்த இந்த இயக்ககத்துக்குச் சென்னை ஆலந்தூரில் தலைமையகம், மாவட்டங்களில் டி.எஸ்.பி. தலைமையில் பிரிவுகள். மாவட்ட எஸ்.பி.யின் கீழே வராத தனி அமைப்பு என்பதால் உள்ளூர் ஸ்டேஷனில் சொன்னால் அன்றைக்கே வி.ஏ.ஓ. காதுக்குப் போய்விடும் என்ற கவலை குறைவு.

17ஏ பிரிவைப் பற்றியும் பலர் குழம்புகிறார்கள். 2018 திருத்தத்தில் வந்த பிரிவு அது. ஓர் அதிகாரி தன் பொறுப்பில் எடுத்த முடிவு அல்லது செய்த பரிந்துரை பற்றி விசாரிக்க அரசின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது. லஞ்சம் வாங்கும்போது அந்த இடத்திலேயே பிடிப்பதற்கு அந்த ஒப்புதல் தேவையில்லை என்று அதே பிரிவே சொல்கிறது. அரசு அனுமதி கொடுக்காமல் யாரையும் தொட முடியாது என்று நம்பிப் பேசாமல் இருந்துவிட்ட பலரைப் பார்த்திருக்கிறேன்.

புகாரை நான் எழுதித் தரவில்லை. அவரையே அவர் கையால் எழுதச் சொன்னேன். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், யார் இருந்தார்கள், வி.ஏ.ஓ. சொன்ன வார்த்தை என்ன, அதற்கு இவர் என்ன பதில் சொன்னார் என்று. "லஞ்சம் கேட்டார்" என்று மட்டும் எழுதினால் நான்கு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அதற்கு எந்தப் பலமும் இருக்காது. போன் பேச்சு ஒன்றை அவர் பதிவு செய்திருந்தார், அதையும் புகாரில் குறிப்பிட்டார். அந்தப் பதிவு கடைசியில் பயன்படாமல் போன கதை பின்னால் வருகிறது.

பொறி வைத்த நாள்

புகாரை வாங்கிய இன்ஸ்பெக்டர் உடனே எஃப்.ஐ.ஆர். போடவில்லை. முதலில் விண்ணப்பம் நிஜமாகவே நிலுவையில் இருக்கிறதா, இந்த வி.ஏ.ஓ.வைப் பற்றி வெளியே பேச்சு எப்படி என்று விசாரித்தார்கள். அதற்குப் பிறகுதான் வழக்குப் பதிவு. வேறு துறைகளிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சிகளாக வரவழைத்தார்கள். பணம் புகார்தாரருடையது, பத்து 500 ரூபாய் நோட்டுகள். எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் பொடி தடவி, சாட்சிகள் முன்னிலையில் மகஜர் (நடந்ததைக் குறிக்கும் எழுத்துப் பதிவு) எழுதினார்கள். அந்தப் பொடி பட்ட விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் விட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அதை அங்கேயே செய்தும் காட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் கொடுத்த அறிவுரை இரண்டு. அவர் கேட்டால் மட்டும் பணத்தை எடு, கேட்காமல் நீட்டாதே. முதலில் பட்டா என்னாச்சு என்று கேள், அவர் வாயால் பதில் வரட்டும். சாட்சிகளில் ஒருவர், இளநிலை உதவியாளர், சொந்தக்காரர் மாதிரி கூடவே போக வேண்டும், நடப்பதைப் பார்க்கவும் கேட்கவும் வேண்டும்.

வி.ஏ.ஓ. அலுவலகத்தில் தலையாரியும் இருந்தார். புகார்தாரர் பட்டாவைப் பற்றிக் கேட்டார். "பட்டா விஷயம் இந்த வாரமே முடிச்சிரலாம்ப்பா, சொன்னது கொண்டு வந்தியா?" என்றார் வி.ஏ.ஓ. இவர் நோட்டுகளை எடுத்ததும் கையை நீட்டாமல் தலையாரியைக் காட்டி, "இவர்கிட்ட குடு" என்றார். தலையாரி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைப்பதுதான் சைகை. துடைத்தார், குழு உள்ளே போனது.

தலையாரியின் இரண்டு கைகளும் சட்டைப் பையும் கரைசலில் நிறம் மாறின. வி.ஏ.ஓ.வின் கைகளைக் கழுவிய தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. அவர் அந்த நோட்டைத் தொடவே இல்லை. வழக்கு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடியது.

சரி, தொடாமல் வாங்கினால் தப்பித்துவிட முடியுமா? சட்டத்தில் முடியாது. 7-ம் பிரிவின் விளக்கத்திலேயே நேரடியாக வாங்கினாலும் மூன்றாம் நபர் மூலம் வாங்கினாலும் ஒன்றுதான் என்று இருக்கிறது. ஆனால் அப்படி வாங்கச் சொன்னார் என்பதை நிரூபிக்க வேண்டும், அதற்கு ரசாயனம் உதவாது. அந்த அறையில் சொல்லப்பட்ட வார்த்தைகளும், அவற்றைக் கேட்ட காதுகளும்தான் சாட்சி.

பிடித்ததற்குப் பிறகு

இருவரும் கைதானார்கள், பணி இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், ஜாமீனில் வந்தார்கள். ஊரில் சில நாள் பரபரப்பு, அப்புறம் அமைதி. அந்த அமைதியில்தான் புகார்தாரரின் கஷ்டம் ஆரம்பித்தது.

முதலாவது, பட்டா. பொறி வைத்த அன்றே அவருடைய கோப்பை ஆதாரமாகக் கைப்பற்றிக் கொண்டு போய்விட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் கேட்டால் ஃபைல் விஜிலென்ஸில் இருக்கு, இங்கே ஒன்றும் இல்லை என்றார்கள். புது வி.ஏ.ஓ.வுக்கு அந்த விண்ணப்பத்தைத் தொடவே பயம். மறுபடி விண்ணப்பித்து, ஆவணங்களின் நகல்களை வைத்து, கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக்கள் கொடுத்து, நடுவில் கொரோனா ஊரடங்கும் வந்து, 2020 கடைசியில்தான் பட்டா அவர் பெயருக்கு மாறியது. லஞ்சம் கொடுத்திருந்தால் ஒரு வாரத்தில் கிடைத்திருக்கும் என்று ஊரில் சொன்னார்கள். புகார் கொடுத்தவருடைய வேலையை முடித்துத் தரும் பொறுப்பை எந்த அலுவலகமும் எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் பற்றி எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. லஞ்சத்துக்கு எதிரான எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும், புகார் கொடுத்த ஒருவர் பட்டாவுக்கு அலைவதைப் பார்க்கும் அந்தக் கிராமம் அடுத்து என்ன முடிவு எடுக்கும் என்பது தெரிந்ததுதானே.

ஐயாயிரம் ரூபாயும் உடனே திரும்பவில்லை. நோட்டுகள் வழக்குச் சொத்து, அவை நீதிமன்றத்துக்குப் போய்விடும். அதற்கு ஈடான தொகையைப் பல மாதம் கழித்துத் துறை மூலமாக வாங்கினார்.

இன்னொன்று, தகவல். தன் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவர் மனுப் போட்டார். இந்த இயக்ககத்துக்கு 2008-ல் தமிழக அரசு விலக்கு கொடுத்துவிட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. விலக்கு கொடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் தரும் அதே 24(4) பிரிவில், ஊழல் குற்றச்சாட்டு சம்பந்தப்பட்ட தகவலுக்கு அந்த விலக்குப் பொருந்தாது என்றும் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டி முதல் மேல்முறையீடு செய்த பிறகு, அரசு அனுமதிக்குக் கோப்பு அனுப்பப்பட்டிருப்பதாகப் பதில் கிடைத்தது. மற்ற அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று பார்க்கும் துறை, தன்னிடம் வந்த கேள்விக்கும் சட்டத்தை முழுசாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான்.

அனுமதி என்றது ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ம் பிரிவு. அரசு ஊழியரைப் பதவியிலிருந்து நீக்க அதிகாரம் உள்ளவர் அனுமதி கொடுக்காமல் நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியாது. 3 மாதத்தில் முடிவெடுக்க முயல வேண்டும், சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் இன்னும் 1 மாதம். இங்கே அதைவிட ரொம்ப நாள் ஆனது. குற்றப்பத்திரிகை 2020 இறுதியில் தாக்கலானது.

நீதிமன்றத்தில்

2022 தொடக்கத்தில் புகார்தாரரின் முதல் விசாரணை, அதாவது அரசு வக்கீல் கேள்வி கேட்க அவர் சாட்சி சொல்வது. நடந்ததை நடந்தபடி சொன்னார். அன்றைக்கே குறுக்கு விசாரணை நடந்திருக்க வேண்டும். எதிரித் தரப்பு வாய்தா கேட்டது, கிடைத்தது. அப்புறம் வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, நீதிபதி மாற்றம், இன்னொரு வாய்தா. 2015-ல் பஞ்சாபிலிருந்து வந்த இதே மாதிரியான ஒரு லஞ்ச வழக்கில், முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவில் ஓராண்டுக்கு மேல் இடைவெளி விட்டதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. அந்த இடைவெளியில் சாட்சியை வளைத்துவிடுவார்கள் என்பதுதான் காரணம். இங்கேயும் அப்படியே நடந்தது.

2023 பிப்ரவரியில் கூண்டில் ஏறியபோது அவர் வேறு ஆளாக இருந்தார். "கொடிநாள் நிதிக்குக் கேட்டாங்கன்னு நினைக்கிறேன், சரியா ஞாபகம் இல்லை" என்றார். அரசு வக்கீல் அவரைப் பிறழ் சாட்சியாக (முன்பு சொன்னதற்கு மாறாகப் பேசும் சாட்சி) அறிவிக்கக் கேட்டுக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அக்கா ஒருவரைக் கட்டிக்கொடுத்திருப்பது வி.ஏ.ஓ.வின் சொந்தக்காரர்கள் இருக்கும் தெருவில். அக்கா வீட்டுக்காரரிடம் பேசினார்கள், அக்கா இவரிடம் அழுதார். மிரட்டலாக எதுவும் நடக்கவில்லை என்பதால் புகார் கொடுக்கவும் வழியில்லை.

போன் பதிவும் விழுந்தது. பதிவு செய்த போன் பழுதானதும் கடையில் கொடுத்துவிட்டு வேறு வாங்கியிருந்தார். புகார் கொடுத்த அன்றே விசாரணை அதிகாரி அந்தப் போனைக் கைப்பற்றியிருக்க வேண்டும், பென் டிரைவில் நகல் வாங்கியதோடு விட்டுவிட்டார். மூலக் கருவி இல்லாதபோது, மின்னணு நகலை ஆதாரமாக ஏற்க அன்றைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட சான்று கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. சான்றும் இல்லை, கருவியும் இல்லை.

மிச்சம் இருந்தது கூடப் போன அந்த இளநிலை உதவியாளர். புகார்தாரரையும் அதிகாரியையும் அதற்கு முன் பார்த்திராதவர். பட்டா விஷயம், சொன்னது கொண்டு வந்தியா, இவர்கிட்ட குடு என்ற மூன்றையும் பொறிக்குப் பிறகு எழுதிய மகஜரில் இருந்த அதே வரிசையில் சொன்னார். நீண்ட குறுக்கு விசாரணையிலும் அசையவில்லை. கோப்பும் பேசியது. எல்லா ஆவணமும் சரியாக இருந்தும் மார்ச்சிலிருந்து அது நகரவில்லை, பின்னால் வந்த விண்ணப்பங்கள் போயிருந்தன, தாமதத்துக்கு எந்தக் குறிப்பும் எழுதப்படவில்லை.

தீர்ப்பு

இந்தச் சமயத்தில்தான் சட்டம் தெளிவானது. 2022 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, புகார்தாரர் இறந்துபோனாலும் பிறழ்ந்தாலும் அதனால் மட்டும் வழக்கு விழுந்துவிடாது, லஞ்சம் கேட்டதை மற்ற சாட்சிகள் மூலமும் சூழ்நிலைச் சான்றுகள் மூலமும் நிரூபிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. எதிரித் தரப்பும் சும்மா இருக்கவில்லை. அந்தக் கோட்பாட்டைச் சொல்ல வைத்த அதே வழக்கு 2023 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் அமர்வுக்குத் திரும்பியபோது, கேட்டது நிரூபிக்கப்படவில்லை என்று தண்டனை ரத்தானதை எடுத்து வைத்தார்கள். நியாயமான வாதம்தான். கேட்டதை நிரூபிக்கும் சுமை குறையவில்லை, நிரூபிக்கும் வழிகள்தான் கூடின.

எங்கள் வழக்கில் சிறப்பு நீதிமன்றம் அந்த இளநிலை உதவியாளர் காதால் கேட்ட வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டது. பணத்தைப் பற்றிய பேச்சுக்கு முன்னால் பட்டாவைப் பற்றிய பேச்சு வந்திருக்கிறது, அதனால் பணம் எதற்கு என்பதில் சந்தேகமில்லை என்றது. கொடிநாள் டிசம்பர் 7, ஜூலையில் வசூல் எதற்கு, ரசீதுப் புத்தகம் எங்கே என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. வி.ஏ.ஓ.வுக்கு 3 வருடச் சிறை, 7-ம் பிரிவின் குறைந்தபட்சத் தண்டனை அதுதான், அபராதமும் சேர்த்து. தலையாரிக்கு விடுதலை. எதற்கான பணம் என்று தெரிந்துதான் வாங்கினார் என்பதற்குச் சான்று போதாது என்று சந்தேகத்தின் பலன் அவருக்குப் போனது. நிறம் மாறிய கைகளுக்கு உரியவர் வீட்டுக்குப் போனார், மாறாதவருக்குத் தண்டனை. ஊரில் பலருக்கு இது புரியவே இல்லை, ஆனால் எனக்குத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. மேலதிகாரி வாங்கச் சொன்னதை வாங்கும் தலையாரிக்கு அந்த அறையில் மறுக்கும் இடம் எவ்வளவு என்பதையும் யோசிக்க வேண்டும்.

உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்று, சிறைத் தண்டனையை நிறுத்திவைத்திருக்கிறது.

அடுத்த வழக்கில் மாற்றிச் செய்பவை

புகார்தாரரின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் முன் சீக்கிரமே பதிவு செய்யச் சொல்லி எழுத்தில் கேட்கிறேன். அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-ம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 183. அது தனியாக ஒருவரைத் தண்டிக்கப் போதாது என்றாலும், பின்னால் மாற்றிச் சொல்ல வரும் நெருக்கடியை அது பெருமளவு குறைக்கிறது. சொந்தக்காரர்களிடமும் "ஏற்கெனவே ஜட்ஜ் முன்னால சொல்லிட்டேன், இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லித் தப்பிக்க ஒரு வழி கிடைக்கிறது.

போனைப் புகார் கொடுக்கும் அன்றே ஒப்படைத்து அத்தாட்சி வாங்கச் சொல்கிறேன். வேறு போன் வாங்க வசதியில்லை என்பவர்களுக்கு ஏதாவது ஏற்பாடு செய்வது அந்த ஆதாரத்தை இழப்பதைவிடச் செலவு குறைவு. விண்ணப்பம், இணைத்த ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு செட் நகல் புகாருக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். கோப்பு கைப்பற்றப்பட்ட மறுநாளே, நகல்களை வைத்து விண்ணப்பத்தை முடிக்கச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்டாட்சியருக்கு) மனு. முதல் விசாரணை நாளிலேயே குறுக்கு விசாரணையும் முடிய வேண்டும் என்று 2015 தீர்ப்பைக் காட்டி அரசு வக்கீல் மூலம் மனுப் போட வைக்கிறேன். சில நீதிமன்றங்களில் நடக்கிறது, சிலவற்றில் இன்னும் நடக்கவில்லை.

துறை தன் பங்குக்குச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பொறி வழக்கு பதிவானதுமே, புகார்தாரரின் நிலுவை வேலையை முடிக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதம் அனுப்பலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். இந்த வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு அப்படி ஒரு கோரிக்கையை இயக்ககத்துக்கு எழுத்தில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக அத்தாட்சி வந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.